எஸ்.பி.பி. குரல் மட்டும் காணோம்

ஹாஸ்டல்ல யாராவது "டூரிங் பைக்"னு ஆரம்பிச்சா பேச்சு நேரா லடாக்குக்குப் போயிடும். கொஞ்சம் விவரம் தெரிஞ்சவன் ஹோண்டா கோல்டு விங்கைப் பத்திச் சொல்வான். 1988-ல வந்த ஜிஎல்1500 மாடல், ஆறு சிலிண்டர், 1,520 சிசி, பின்னால எடுக்க ரிவர்ஸ், முன்னால கேசட் டெக்கோட ஸ்டீரியோ. வீட்டு சோபாவுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்கும். எனக்குப் பழக்கமான டூரிங் பைக் வேற. எம்.ரெட்டியபட்டியில எங்க மாமா வெச்சிருக்கிற டிவிஎஸ் எக்ஸ்எல். அது லடாக் பார்த்ததில்ல. ஆனா தினமும் காலையில ஆரம்பிச்சு உச்சி வெயிலுக்குள்ள பத்துப் பன்னிரண்டு ஊர் சுத்திட்டு வந்துடும். அதுலயும் பாட்டு கேட்கலாம். ஹேண்டில்பாருக்கு முன்னால ஒரு கூம்புக் குழாய் கட்டியிருக்கும்.

மாமா காய்கறி வியாபாரி. விடியறதுக்கு முன்னாலயே அருப்புக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய் சரக்கு எடுத்து, ரெண்டு பக்கமும் டிரே, கால் வைக்கிற இடத்துல வெங்காய மூட்டை, சீட்டுக்குப் பின்னால தராசுன்னு கட்டிக்கிட்டுக் கிளம்புவார். திருச்சுழி தாலுகா பக்கம் வந்தவங்களுக்கு அந்த நிலம் தெரியும். கரிசக்காடு, சீமைக்கருவேலம், அங்கங்க ஒத்தைப் பனை, தூரத்துல கண்மாய்க்கரை. மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாத வெட்டவெளி. ஒரு ஊர்ல கத்தினா அடுத்த ஊருக்குக் கேட்கும்னு மாமா பெருமையாச் சொல்வார். அப்படிப் பதினெட்டு வருஷம் கத்தியே வித்தவர். ரெண்டு வருஷத்துக்கு முன்னால தொண்டை கட்டுச்சு. கட்டினது விடவே இல்ல. டாக்டர் பார்த்துட்டு குரல்நாண்ல தடிப்பு விழுந்திருக்கு, இனிமே சத்தம் போட்டுப் பேசவே கூடாதுன்னுட்டார். காய்கறி வியாபாரிகிட்ட சத்தம் போடாதீங்கன்னா, கடையைச் சாத்துங்கன்னு அர்த்தம்.

அதுக்கப்புறம்தான் குழாய் வந்துச்சு. ஊர் மைக் செட்காரர் ஓரங்கட்டிப் போட்டிருந்த 12 வோல்ட் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணை மாமா விலைக்கு வாங்கினார். கேசட் காலத்துச் சரக்கு. பின்னால ரெண்டு மைக் துளை, ஒரு ஆக்ஸ் துளை. ஆக்ஸ் துளை துருப்பிடிச்சுச் செத்துப் போயிருந்தது. வண்டியோட சொந்த பேட்டரி லைட்டுக்கும் ஹாரனுக்குமே சரியாப் போகும்கிறதால, யுபிஎஸ்ல போடுற 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒண்ணைத் தனியா வெச்சுக் கட்டினாங்க. குரலுக்கு அத்தை. தினமும் மாமா மார்க்கெட்டுல இருந்து போன் பண்ணி விலை சொல்ல, அத்தை வீட்டுல உட்கார்ந்து, "தக்காளி, கத்திரிக்கா, வெண்டிக்கா, சின்ன வெங்காயம்..."னு விலையோட ஒரு நிமிஷம் ரெக்கார்டு பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பிடுவாங்க. விலை தினம் மாறும்கிறதால, கடையில விக்கிற ரெடிமேட் பென் டிரைவ் குரல் இதுக்கு ஆகாது. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவுல காட்டுப்பாதையில ரெண்டு பாட்டு. அது மாமாவுக்காக.

செட் வேலை செய்யலைன்னு எனக்குப் போன் வந்தது ஒரு செமஸ்டர் லீவு சமயம். மாமா இப்போ ரகசியம் பேசுற மாதிரிதான் பேசுவார்.

"மாப்ள, பாட்டு வருது. பாடுறவரு வரமாட்டேங்காரு."

எனக்குப் புரியல. திரும்பவும் சொன்னார். எஸ்.பி.பி. பாட்டு போட்டா வயலின் வருது, புல்லாங்குழல் வருது, கோரஸ் வருது, எஸ்.பி.பி.யை மட்டும் காணோம். எங்கேயோ கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி அவரோட எதிரொலி லேசா வருது. டி.எம்.எஸ். பாட்டு போட்டா பாட்டே இல்ல, வெறும் இரைச்சல். அத்தையோட குரலும் அப்படித்தான், சுத்தமா வரல. போன்ல நேராப் போட்டா எல்லாம் ஒழுங்கா கேட்குது. பின்னால இருந்து அத்தை சத்தம்: "ஏய்யா, என் குரல் நல்லா இல்லேன்னு அந்தச் செட்டு துப்பிருச்சான்னு கேளு!"

இன்னொரு விஷயமும் மாமா சொன்னார். அதைக் கேட்டதும்தான் எனக்கு பஸ் ஏறணும்னு தோணுச்சு. போன்ல சார்ஜ் ஏத்துற வயரைச் செருகினா எஸ்.பி.பி. வந்துர்றாராம். கூடவே "கீய்ங்"னு ஒரு விசில். சார்ஜரைப் பிடுங்கினா விசிலும் போயிடுது, எஸ்.பி.பி.யும் போயிடுறார். "சார்ஜ் பத்தாம குரல் இறங்கிருதோ?"ன்னார். மூணு வருஷமா ஈசிஈ படிக்கிறேன். எந்த வைவாவுலயும் இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்ல.

ஊருக்குப் போய் முதல்ல பார்த்தது வயரைத்தான். உங்க ஹெட்போன் பின்னை எடுத்துப் பாருங்க. உலோகம் தனித்தனிப் பாகமா இருக்கும், நடுவுல கருப்பு வளையம். மைக் இல்லாத சாதாரணப் பின்னுல மூணு பாகம். நுனி இடது காதுக்கு, அடுத்த வளையம் வலது காதுக்கு, அடிப்பாகம் ரெண்டுக்கும் பொதுவான கிரவுண்டு. மைக் செட்காரர் பல வருஷமா மைக் வயர் பற்ற வெச்ச கை. மைக்குக்கு ரெண்டே முனை, ஒண்ணு சிக்னல், ஒண்ணு கிரவுண்டு. அதே பழக்கத்துல போன் பின்னுலயும் முதல் ரெண்டு முனையில பற்ற வெச்சுட்டார், நுனியிலயும் வளையத்துலயும். மூணாவது முனை சும்மா தொங்குது. அவரைக் குறை சொல்ல முடியாது. கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, எல்லாமே மோனோ உலகம். அங்கே இடது வலதுக்கு வேலையே கிடையாது.

இப்போ ஆம்ப்ளிஃபயருக்கு என்ன போகுது? நுனிக்கும் வளையத்துக்கும் உள்ள வித்தியாசம். அதாவது இடது கழித்தல் வலது. பாட்டு ரெக்கார்டு பண்றவங்க பாடகர் குரலை வழக்கமா நட்ட நடுவுல வைப்பாங்க, ரெண்டு சேனல்லயும் அச்சா ஒரே அளவு. கழிச்சா பூஜ்யம். எஸ்.பி.பி. அவுட். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் பெரும்பாலும் நடுவுலதான் இருக்கும், அதுவும் அவுட். வயலின் கூட்டம் ஒரு ஓரம், புல்லாங்குழல் இன்னொரு ஓரம்னு பிரிச்சு வெச்சதெல்லாம் மிஞ்சிடும். குரலுக்குச் சேர்க்கிற எதிரொலி ரெண்டு பக்கமும் கொஞ்சம் வேற வேற மாதிரி பரவியிருக்கும்கிறதால அதுவும் மிஞ்சும். கிணத்துக்குள்ள கேட்ட எஸ்.பி.பி. அதுதான். சில கரோக்கி சாஃப்ட்வேர் குரலை எடுக்கிறதும் இதே கணக்குலதான். மாமா வண்டியில அது ஓசியில நடந்துக்கிட்டு இருந்தது.

டி.எம்.எஸ். முழுசாக் காணாமப் போனதுக்கும் இதே காரணம். அவரோட பழைய பாட்டெல்லாம் மோனோ. எம்பி3 ஆனப்புறம் ரெண்டு சேனல்லயும் ஒரே சங்கதிதான் இருக்கும், கழிச்சா ஒண்ணும் மிஞ்சாது. தமிழ் சினிமாவுல 1978-ல வந்த 'ப்ரியா' பாட்டுகளைத்தான் முதல் ஸ்டீரியோ ரெக்கார்டிங்னு சொல்வாங்க. மாமாவோட போன்ல இருந்த பாட்டுகளை ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்த்தோம். குழாய்ல முழுசா அமைதியானா மோனோ, இசை மட்டும் வந்தா ஸ்டீரியோ. அரை மணி நேரம் இந்த விளையாட்டு ஓடுச்சு. அத்தை ரெக்கார்டு பண்றது போனோட ஒத்தை மைக்ல, அதனால அவங்களும் டி.எம்.எஸ். கட்சி. இதைச் சொன்னதும் அத்தைக்கு ஒரே சந்தோஷம்.

சார்ஜர் மர்மம் இதுக்கு அடுத்த படி. போன் தன்னோட சொந்த பேட்டரியில ஓடுற வரைக்கும் அது தனித்தீவு. ஆம்ப்ளிஃபயரோட கிரவுண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா அதே 12 வோல்ட் பேட்டரியில இருந்து சின்ன கார் சார்ஜர் வழியா சார்ஜ் ஏத்தினா, சார்ஜரோட நெகட்டிவும் ஆம்ப்ளிஃபயரோட நெகட்டிவும் ஒண்ணு. அறுந்து தொங்கின கிரவுண்டு பின்வாசல் வழியா வந்து சேர்ந்துடுது. வலது சேனல் கிரவுண்டோட ஒட்டிக்கிட்டு ஷார்ட், இடது சேனல் மட்டும் ஒழுங்காக் கேட்கும். இடது சேனல்ல எஸ்.பி.பி. இருக்கார், வந்துட்டார். ஆனா அந்தப் பின்வாசல் சார்ஜ் கரண்ட் ஓடுற வழி. சார்ஜர் உள்ளே 12 வோல்ட்டை 5 வோல்ட்டா மாத்த நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சுவிட்ச் போட்டு அணைக்குது. அந்த நடுக்கமும் பாட்டோட சேர்ந்து குழாய்க்கு வருது. அதுதான் "கீய்ங்".

கோல்டு விங் வெச்சிருக்கிறவங்களுக்கும் இதே விசில் தொல்லை உண்டு. பழைய கேசட் டெக்குல போன் பாட்டு கேட்க அவங்க கேசட் வடிவ அடாப்டர் ஒண்ணைச் சொருகுவாங்க. உள்ளே டேப் இருக்காது. ஒரு சின்ன காந்தத் தலை, டெக்கோட தலைக்கு நேரா நின்னு, டேப் ஓடுற மாதிரியே காந்தப்புலத்தை மாத்திக் காட்டும். டெக் ஏமாந்து பாடும். அங்கே கம்பி கம்பியைத் தொடுறது இல்ல. ஆக்ஸ் வழியா நேராக் கொடுத்து, போனை பைக் பேட்டரியிலயே சார்ஜும் போட்டா விசில் ஆரம்பிச்சுடும். அது இன்ஜின் வேகத்தோட சுருதி ஏறி இறங்கினா ஆல்டர்னேட்டர்தான் காரணம். அதுக்கு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு ஒரு டப்பா விக்கிறாங்க, உள்ளே இருக்கிறது சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள். 2018 மாடல் கோல்டு விங்ல ஆப்பிள் கார்ப்ளேயே வந்துடுச்சு. பழைய வண்டிக்காரங்க இன்னும் வயரோடதான் மல்லுக்கட்டுறாங்க, எம்.ரெட்டியபட்டி மாதிரியே.

நாங்க டப்பா எதுவும் வாங்கல. வீட்டுல ஒரு பவர் பேங்க் கிடந்தது. போனுக்கு சார்ஜ் அதுல இருந்து மட்டும்னு வெச்சதும் விசில் போயிடுச்சு. தனித்தீவு தனித்தீவாவே இருந்துட்டுப் போகட்டும்.

வயரை மட்டும் புதுசாப் பண்ணினோம். இங்கே இன்னொரு சிக்கல். போன் பின்னுல இருந்து வர்றது சுமார் அரை வோல்ட். மைக் துளை எதிர்பார்க்கிறது சில மில்லிவோல்ட். நேராச் செருகினா காதுல ரகசியம் கேட்கக் காத்திருக்கிறவன்கிட்ட போய்க் குலவை போட்ட மாதிரி, எல்லாம் கரகரன்னு உடைஞ்சுடும். அதனால இடது சேனல்ல ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், வலதுல ஒரு 10 கிலோ ஓம், ரெண்டும் சேர்ற முனையில இருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 ஓம். கணக்குப் போட்டுப் பாருங்க, சிக்னல் ஏறக்குறைய ஐம்பதுல ஒரு பங்காக் குறையும். அதோட ரெண்டு சேனலும் கழியாமக் கூடி மோனோவாகும். ரெண்டு சேனலையும் நேரா முறுக்கிக் கட்டினா ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளும், நடுவுல ரெசிஸ்டர் இருக்கிறதால அந்தச் சண்டையும் இல்ல. மூணு ரெசிஸ்டருக்கும் சேர்த்து பத்து ரூபாய் ஆகாது. மைக் செட்காரரே பற்ற வெச்சுக் கொடுத்தார். அவர் கை என் கையை விடச் சுத்தம்.

"ஏன்டா இந்தக் காலத்துல வயரு? ப்ளூடூத் போடலாம்ல?"ன்னு நீங்க கேட்பீங்க. போட்டுத்தான் பார்த்தோம். மலிவான ப்ளூடூத் ரிசீவர்ல பின் நம்பர் எல்லாம் கேட்காது, யார் வேணும்னாலும் சேர்ந்துக்கலாம். மாமா ஒரு ஊர்ல டீக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தி போனை எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கார். கனெக்‌ஷன் விட்டுப்போன அந்த நொடியில டீக்கடைப் பசங்க எவனோ புகுந்துட்டான். தக்காளி விலை வர வேண்டிய குழாய்ல குத்துப்பாட்டு. கூட்டம் நல்லாத்தான் கூடுச்சாம், ஆனா ஒருத்தரும் காய் வாங்கல. அன்னைக்கு சாயங்காலமே மறுபடியும் வயர்.

அடுத்து வந்த பிரச்சினைக்கு எந்த ரெசிஸ்டரும் உதவல. போன்ல பின் செருகியிருக்கும்போது கால் வந்து எடுத்தா, பேசுறவர் குரல் ஹெட்போனுக்குத்தான் போகும். மாமாவுக்கு ஹெட்போன்னா குழாய். ஒருநாள் நூறுநாள் வேலை நடக்கிற கண்மாய்க்கரையில வண்டியை நிறுத்தியிருக்கார். அங்கே நல்லா விக்கும், ஐம்பது அறுபது பெண்கள் ஒரே இடத்துல இருப்பாங்க. அத்தை குரல் பாதியில நின்னு போன் அடிக்க, மாமா வழக்கம்போல பச்சையைத் தொட்டிருக்கார். தவணைக்காரன். இந்த மாசம் எவ்வளவு பாக்கி, போன மாசம் எத்தனை நாள் தள்ளிக் கட்டினீங்க, இன்னைக்கு எத்தனை மணிக்குள்ள கட்டணும், எல்லாம் கண்மாய் முழுக்கக் கேட்டிருக்கு. ஒரு மரியாதை இல்லாத பேச்சு வேற. மாமா பின்னைப் பிடுங்குறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. பதில் சத்தமாச் சொல்லக்கூட அவருக்குக் குரல் கிடையாது.

இதை மாமா என்கிட்ட சொல்லல. அத்தை சொன்னாங்க. அங்கே இருந்த யாரும் சிரிக்கலையாம். மண்வெட்டியை வெச்சுட்டு ஒரு பாட்டி முதல்ல வந்து, வேணுமோ வேண்டாமோ, ரெண்டு கிலோ வெங்காயம் எடுத்திருக்கு. அதைப் பார்த்து மத்தவங்களும் வந்திருக்காங்க. பன்னிரண்டு மணிக்குள்ள டிரே காலி. அந்தக் கண்மாய்க்கரைக்கு மாமா அப்புறம் ஒரு மாசம் போகல. "கடன் வாங்காதவ யாரு அங்கன இருக்கா? நான் சொன்னா கேக்காரா?"ன்னு அத்தை.

இதுக்குத் தீர்வு கண்டுபிடிச்சது மாமாதான். போன்ல இருந்த சிம்மைக் கழட்டி ஒரு பட்டன் போன்ல போட்டார். பெரிய போன் இனி குழாய்க்கு மட்டும். அது இப்போ வீட்டுலேயே இருக்கும். மார்க்கெட்டுல இருந்து சரக்கோட வீட்டுக்கு வந்து, அத்தை அதுலயே நேரா விலையைப் பேசி முடிச்ச பிறகுதான் ஊருக்குக் கிளம்புறது. வாட்ஸ்அப், மெசேஜ் சத்தம், தவணைக்காரன், ஒண்ணும் குழாய் பக்கம் வர வழியில்ல. கால் வந்தா வண்டியை ஓரங்கட்டி, பட்டன் போனைக் காதுல ஒட்டிவெச்சுப் பேசிக்கிறார். சாஃப்ட்வேர்ல இதுக்கு ஏதாவது செட்டிங் தேடலாம்னு நான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அவர் ரெண்டு நிமிஷத்துல ஊக்கு ஒண்ணை வெச்சு சிம்மை எடுத்துட்டார்.

பேட்டரி கணக்கையும் ஒருநாள் பார்த்தேன். 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர்னா 84 வாட்-ஹவர். லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினா சீக்கிரம் செத்துடும், அதனால நம்ம கையில 42 தான். மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தப்போ சராசரியா 0.7 ஆம்பியர் இழுத்தது, அதாவது எட்டு வாட்டுக்குக் கொஞ்சம் மேல. அஞ்சு மணி நேரம் வரும். மாமா சுத்துறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இதை நான் நோட்டுல எழுதிக் காட்டினப்போ, "உச்சிக்கு மேல பாட்டு போட மாட்டேன் மாப்ள, பேட்டரி இறங்கிரும்"னார். என் ரெண்டு பக்கக் கணக்கு அவர்கிட்ட ஒரு வரியா ஏற்கனவே இருந்திருக்கு.

குழாய்ல பாட்டு எப்படிக் கேட்கும்னு ஒரு வார்த்தை. நல்லா இருக்காது. கூம்புல பேஸ் வராது, தாழ்ந்த சுருதி எல்லாம் கழுத்தறுந்துடும். இளையராஜா அவ்வளவு பாடுபட்டுப் போட்ட பேஸ் லைன் மாமா வண்டியில பிறக்கவே பிறக்காது. ஆனா மனுஷப் பேச்சு புரியறதுக்கு பேஸ் தேவையில்ல. பழைய டெலிபோன் லைனே 300-ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அனுப்பும், அதுல நாம பேசிப் புரிஞ்சுக்கலையா? கூம்பு அந்த இடத்துல கெட்டி. குறைஞ்ச வாட்டுல நிறைய சத்தத்தை ஒரே திசையில தள்ளும். காசு கொடுத்து நல்ல ஸ்டீரியோ பாக்ஸ் வாங்கி மாட்டலாம்னு நான் ஒருதடவை சொன்னேன். வேண்டாம்னுட்டார். "அதுல பாட்டு கேக்கும். விலை கேக்காது."

அந்தச் சத்தத்தை எங்கே அடக்கணும்கிறதுலயும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. பள்ளிக்கூடம் வர்றதுக்கு ஒரு தெரு முன்னாலயே அணைச்சுடுவார். துட்டி வீடு இருக்கிற தெருவுல குழாயும் கிடையாது, வியாபாரமும் கிடையாது. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோர்ட்டைச் சுத்தி 100 மீட்டரை அமைதி மண்டலமா ஆக்கலாம்னு சொல்லுது. ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் பொது இடத்துல ஒலிபெருக்கியே கூடாது. மாமா அந்த விதியைப் படிச்சவர் இல்ல. துட்டி வீட்டைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லைங்கிறதும் அவருக்குத் தெரியாது.

போன மாசம் போனப்போ அத்தை ரெக்கார்டிங்ல தேறிட்டாங்க. ஃபேனை அணைச்சுட்டு, வாய்க்கு நேரா வைக்காம கொஞ்சம் ஓரமா போனைப் பிடிச்சுப் பேசுறாங்க, 'ப' எல்லாம் வெடிக்காம வருது. கடைசியில அவங்களாவே ஒரு வரி சேர்த்திருக்காங்க: "சில்லறை கொண்டு வாங்க தாயி." காட்டுப்பாதைக்கான பாட்டு லிஸ்ட்ல டி.எம்.எஸ். ஏறிட்டார். மைக் செட்காரர் இப்போ மூணு ரெசிஸ்டரோட வயர் பண்ணி நாலஞ்சு பேருக்குக் கொடுத்திருக்காராம், எனக்குக் கமிஷன் எதுவும் வரல. பந்தல்குடிப் பக்கம் உப்பு விக்கிற அண்ணன் ஒருத்தர் மாமாவோட பட்டன் போனுக்குக் கூப்பிட்டிருக்கார். அவர் செட்டுல ஜானகியம்மா பாடுறாங்களாம், கூடப் பாடுற எஸ்.பி.பி.யைக் காணோமாம். ரெண்டு பேரையும் ஓரத்துக்கு ஒருத்தரா நிறுத்தி ரெக்கார்டு பண்ணின பாட்டா இருக்கணும், வயர்ல ஒரே ஒரு சேனல்தான் சேர்ந்திருக்கணும். பார்க்காமச் சொல்ல முடியாது. தீபாவளி லீவுக்கு சால்டரிங் அயர்னை பேக்ல வெச்சாச்சு.